நூறு பூக்கள் சேர்ந்த ஒரு பழம்

அன்னாசிப் பழத்தை அறியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பேருந்து நிலையங்களிலும் வாரச் சந்தைகளிலும் அதைத் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி விற்கிறார்கள். கல்யாணப் பந்தியில் அது ரசமாகவும் கேசரியாகவும் வந்து சேருகிறது. ஆனால் இப்பழத்தைப் பற்றிச் சில எளிய வினாக்களைக் கேட்டால் விடை சொல்லத் தயங்குவோம். அதன் மேல்தோலில் உள்ள 'கண்கள்' யாவை? உள்ளே ஏன் விதை இல்லை? தின்ற பிறகு நாக்கு ஏன் அரிக்கிறது? குறைந்த நீரிலேயே பிழைக்கும் செடி இது என்கிறார்கள். அப்படியானால் மழை குறைந்த தருமபுரி மாவட்டத்தின் சமவெளியில், பொம்மிடியைச் சுற்றியுள்ள நிலங்களில், அன்னாசித் தோட்டங்கள் ஏன் பரவவில்லை? இவ்வினாக்களுக்கு ஒவ்வொன்றாக விடை காண்போம்.

கடல் கடந்து வந்த விருந்தாளி

அன்னாசி நம் நாட்டுச் செடி அன்று. தென் அமெரிக்காவில் இன்றைய பிரேசில், பராகுவே நாடுகள் உள்ள பகுதியே அதன் தாயகம். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் காட்டுச் செடியிலிருந்து நல்ல இனங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, மேற்கிந்தியத் தீவுகள் வரை பரப்பியிருந்தார்கள். 1493ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தம் இரண்டாவது பயணத்தில் குவாடலூப் தீவில் இறங்கிய கொலம்பஸும் அவருடைய மாலுமிகளும் இப்பழத்தை முதன்முதலாகக் கண்டனர். தூப்பி என்னும் பழங்குடி மொழியில் இதன் பெயர் 'நனா'. அதுவே போர்த்துக்கீசிய மொழியில் 'அனனாஸ்' ஆகி, நம் வாயில் 'அன்னாசி' ஆயிற்று. மலாய் மொழியில் இதை 'நனாஸ்' என்கிறார்கள். ஒரே சொல் உலகைச் சுற்றி வந்திருப்பதைக் கவனியுங்கள்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இதனை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டு வந்தனர். புதிதாக வந்த பழத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமல்லவா? மலையாளிகள் அதைக் 'கைதச்சக்கை' என்றார்கள். கைதை என்றால் தாழை. சக்கை என்றால் பலா. இலை தாழையைப் போலவும், பழம் பலாவைப் போலவும் இருந்ததால் வந்த பெயர் இது. அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி' என்ற நூலில் இதற்குப் 'பயணப் பலா' என்று பொருள்படும் பெயர் காணப்படுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரு இடத்து மக்களும் இதைப் பலாவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பீடு வெறும் தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. தாவரவியல்படியும் அது சரியே. எப்படி என்று பார்ப்போம்.

பழமா, பழக்கூட்டமா?

மாம்பழம் ஒரே பூவிலிருந்து உண்டாவது. அன்னாசி அப்படியன்று. செடியின் நடுவிலிருந்து ஒரு தண்டு மேலெழும்பி, அதைச் சுற்றி 100 முதல் 200 வரை சிறு ஊதாப் பூக்கள் நெருக்கமாக மலர்கின்றன. அடியில் தொடங்கி நாளுக்குச் சில பூக்களாக மேல்நோக்கி மலர்ந்து செல்லும். ஒவ்வொரு பூவின் சூலகமும் சதைப்பற்றாகப் பருத்து, பக்கத்துப் பூக்களின் சூலகங்களோடும் நடுத்தண்டோடும் ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. இவ்வாறு உண்டாவதைக் கூட்டுக்கனி என்பர். பலாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகவே அன்னாசியின் தோலில் உள்ள ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் ஒரு பூ. நாம் கடித்துத் துப்பும் நடுச்சக்கை அப்பூக்களைத் தாங்கிய தண்டு.

அடிப்பக்கப் பூக்கள் முதலில் மலர்வதால் அடிப்பக்கமே முதலில் கனிகிறது. அதனால்தான் கொண்டைப் பக்கத்தைவிட அடிப்பக்கத் துண்டு இனிப்பாக இருக்கிறது. ஒரு பழத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது குறுக்கு வட்டங்களாக நறுக்காமல் நெடுக்குவாட்டில் நறுக்கினால் எல்லோருக்கும் சமமான இனிப்புக் கிடைக்கும்!

கண்கள் வரிசையாகச் சுற்றிச் செல்லும் அழகையும் கவனியுங்கள். ஒரு திசையில் சரிந்து செல்லும் வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் 8 இருக்கும். எதிர்த் திசையில் 13 இருக்கும். செங்குத்தாக ஏறும் வரிசைகளை எண்ணினால் 21 வரும். 8ஐயும் 13ஐயும் கூட்டினால் 21 அல்லவா? முன் இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் இத்தொடரைக் கணிதத்தில் ஃபிபனாச்சித் தொடர் என்று படித்திருப்பீர்கள். சூரியகாந்திப் பூவின் விதை வரிசைகளிலும் இதே எண்களைக் காணலாம்.

விதை இல்லாததற்குக் காரணம் வேறு. ஓர் இன அன்னாசியின் மகரந்தம் அதே இனத்தின் பூவில் விழுந்தால் சூல் கொள்வதில்லை. தோட்டம் முழுவதும் ஒரே இனத்தை நடுவதால் விதை உண்டாவதில்லை. வேறு இனத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால் கடினமான சிறு விதைகள் தோன்றிப் பழத்தின் தரத்தைக் கெடுக்கும். தென் அமெரிக்காவில் இதற்கு மகரந்தத் தூதராக இருப்பது தேன்சிட்டைப் போன்ற ஓசனிச்சிட்டு என்னும் சிறு பறவை. விதை இல்லாத செடியை எவ்வாறு பெருக்குவது? பழத்தின் தலையிலுள்ள கொண்டை, காம்பில் முளைக்கும் கன்று, அடியில் தோன்றும் பக்கக் கன்று ஆகிய எதை நட்டாலும் புதுச் செடி வளரும்.

இரவில் மூச்சு வாங்கும் செடி

இனி இச்செடியின் மிகப் பெரிய விந்தைக்கு வருவோம். இலைகள் ஒளிச்சேர்க்கை செய்வதற்குக் கரியமில வாயு தேவை. அது இலைத்துளைகள் வழியாக உள்ளே வர வேண்டும். துளைகளைத் திறந்தால் வாயு உள்ளே வரும். கூடவே இலையிலுள்ள நீர் ஆவியாகி வெளியே போகும். நெல்லும் கத்தரியும் பகலில், சுட்டெரிக்கும் வெயிலில், துளைகளைத் திறந்து வைக்கின்றன. அதனால் ஏராளமான நீரை இழக்கின்றன.

அன்னாசி வேறு வழியைக் கண்டிருக்கிறது. பகலின் பெரும்பகுதியில் துளைகளை மூடிக்கொள்கிறது. சூரியன் மறைந்து காற்றுக் குளிர்ந்த பின் திறந்து கரியமில வாயுவை வாங்குகிறது. இரவில் ஒளி இல்லையே, வாங்கிய வாயுவை என்ன செய்வது? அதை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கிறது. பொழுது விடிந்ததும் கதவை அடைத்துவிட்டு, சேமித்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவை விடுவித்து, சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் வாங்கி வைத்த அரிசியைப் பகலில் சமைப்பது போன்றது இது. இம்முறையால் ஒரு கிராம் உலர்பொருளை உருவாக்க நெல் போன்ற செடிகள் செலவழிக்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அன்னாசிக்குப் போதும்.

இந்த விந்தையின் முதல் தடயங்களுள் ஒன்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலார் ரணகள்ளிச் செடியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையில் அது நல்ல புளிப்பாக இருந்தது. நண்பகலில் சுவையற்றுப் போயிற்று. மாலையில் சற்றே கசந்தது. இதை அவர் லண்டனிலுள்ள லின்னேயன் சங்கத்துக்கு எழுதியனுப்ப, 1815இல் அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுவதையே அவர் நாக்கு கண்டுபிடித்தது. அதன் முழு விளக்கம் கிடைக்க 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இவ்வழியைப் பின்பற்றுபவையே.

கொல்லிமலையில் உண்டு, பொம்மிடியில் ஏன் இல்லை?

இவ்வளவு சிக்கனமான செடி வறண்ட நிலத்துக்கு ஏற்றதாயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். வறட்சியைத் தாங்குவது வேறு, நல்ல விளைச்சல் தருவது வேறு. பொம்மிடி சேர்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே அமைந்த சமவெளி ஊர். தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மி.மீ. தான். அன்னாசி நன்கு விளைய 1000 முதல் 1500 மி.மீ. மழை பரவலாகப் பெய்ய வேண்டும். வெப்பம் 22 முதல் 32 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. கடும் கோடையில் வெயில் நேரே பட்டால் பழத்தின் ஒருபக்கம் வெந்துவிடும். இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் அமிலச் சேமிப்பும் நன்கு நடைபெறும்.

மண்ணும் ஒரு காரணம். அன்னாசிக்குச் சற்று அமிலத் தன்மையுள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இலைகள் மஞ்சளாக வெளுக்கும். ஹவாய்த் தீவில் மாங்கனீசு மிகுந்த மண்ணில் வளர்ந்த செடிகளும் இவ்வாறே வெளுத்தன. அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளித்து அவற்றைக் காப்பாற்றினார்கள். மண்ணில் கிடைக்காததை இலை வழியாக ஊட்டிய நல்ல உபாயம் அது!

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் இத்தேவைகள் பெருமளவு நிறைவேறுகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களை அடையலாம். பலா, வாழை, மிளகு, காப்பி ஆகியவற்றோடு அன்னாசியும் அங்கு விளைகிறது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியைக் குவித்து விற்பதைக் காணலாம். கேரளத்தின் வாழக்குளம் அன்னாசி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கையில் கம்பகா, குருநாகல் மாவட்டங்களில் தென்னை மரங்களுக்கு இடையே இதை ஊடுபயிராக வளர்க்கிறார்கள். மர நிழலின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

புகை போட்டால் பூக்கும்

அன்னாசி விவசாயிக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே நாளில் நட்ட செடிகளும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடி வீடுகளுக்குள் அன்னாசி வளர்த்தவர்கள், புகை பட்ட செடிகள் எல்லாம் ஒன்றுபோலப் பூப்பதைக் கண்டார்கள். புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயுவே காரணம் என்பது 1930களில் தெரியவந்தது. நம் ஊரில் வாழைத்தாரைப் பழுக்க வைக்க மூட்டம் போடுகிறார்கள் அல்லவா? அங்கும் வேலை செய்வது இதே எத்திலீன்தான். வாழையில் அது கனிய வைக்கிறது. அன்னாசியில் பூக்க வைக்கிறது.

இன்று புகை தேவையில்லை. செடியில் 35 முதல் 40 இலைகள் வந்ததும், எத்ரல் என்னும் மருந்தை மிகக் குறைந்த அளவில் நீரில் கலந்து, யூரியாவும் சேர்த்து, குருத்தில் ஊற்றுகிறார்கள். செடிக்குள் அது எத்திலீனாக மாறிப் பூக்கத் தூண்டுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பூ வெளிவரும். அதன்பின் நான்கைந்து மாதங்களில் பழம் வெட்டலாம்.

இதன் பயன் வெறும் வசதி மட்டுமன்று. அன்னாசியில் மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. வாழைக்காயைப் பறித்து வைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாகிக் கனியும். அன்னாசியோ வெட்டிய பின் நிறம் மாறலாம், மிருதுவாகலாம், இனிப்பு கூடாது. ஆகவே செடியிலேயே முதிர வேண்டும். முதிர்ந்ததை வெட்டினால் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். மலையிலுள்ள எல்லோருடைய பழமும் ஒரே மாதத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரிகிறது. காத்திருந்து விற்க விவசாயிக்கு வழியில்லை. தோட்டத்தைச் சில பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் பூக்கச் செய்தால், விளைச்சலும் பல மாதங்களுக்குப் பிரிந்து வரும். தாவர வேதியியல் ஓர் ஏழை உழவரின் வருமானத்தைத் தீர்மானிப்பதை இங்கே காண்கிறோம்.

நாக்கைக் கடிக்கும் பழம்

அன்னாசி தின்றபின் நாக்கும் உதடும் அரிப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, பழத்திலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பின் ஊசி போன்ற நுண்படிகங்கள்; சேனைக்கிழங்கு அரிப்பதும் இதனால்தான். மற்றொன்று புரோமிலேன் என்னும் நொதி. இது புரதத்தைச் சிதைப்பது. 1891இல் வெனிசுலா நாட்டு வேதியியலார் விசென்டே மார்க்கானோ இதைக் கண்டறிந்தார். நம் நாக்கின் மேற்பரப்பும் புரதத்தால் ஆனதே. நாம் அன்னாசியைத் தின்னும்போது அன்னாசியும் நம்மைச் சற்றே தின்கிறது! அஞ்ச வேண்டாம், நாக்கு விரைவில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

நொதிகளும் புரதங்களே ஆதலால் கொதிக்க வைத்தால் செயலிழந்துவிடும். ரசத்திலும் கேசரியிலும் போட்ட அன்னாசி அரிக்காததன் காரணம் இதுவே. பச்சைப் பழத்தை உப்பு நீரில் சிறிது நேரம் போட்டெடுத்துத் தின்றால் அரிப்புக் குறைவதைப் பலரும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். கடினமான இறைச்சியை மிருதுவாக்க அன்னாசிச் சாற்றில் ஊறவைப்பதும் இந்நொதியின் வேலையே. பழத்தைவிடச் செடியின் தண்டில் இது மிகுதியாக உள்ளது. தண்டிலிருந்து பிரித்தெடுத்த நொதிகளைக் கொண்டு, தீக்காயத்தில் இறந்துபோன தசையை மட்டும் கரைத்து நீக்கும் மருந்து இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

நம்பத் தக்கதும் தகாததும்

புகழ் பெற்ற எல்லாப் பொருள்களையும் போல அன்னாசியைப் பற்றியும் பல செய்திகள் உலவுகின்றன. அன்னாசியையும் ஓமத்தையும் ஊறவைத்துத் தின்றால் தொப்பை கரையும் என்பார்கள். புரோமிலேன் புரதத்தைச் சிதைக்கும் நொதி. கொழுப்பை அது தொடாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதே நொதிகளின் நியதி. சுடுநீரில் அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றி வந்தது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே உலை வைக்கும்.

கர்ப்பிணிகள் ஒரு துண்டு தின்றாலும் கரு கலைந்துவிடும் என்ற அச்சமும் நம் வீடுகளில் உண்டு. உணவாக அளவோடு தின்னும் கனிந்த பழத்தால் அவ்வாறு நேரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஐயம் இருந்தால் மருத்துவரைக் கேட்பதே முறை. ஆனால் கர்ப்பம் கலைந்துபோன ஒரு பெண்ணைப் பார்த்து, 'நீ அன்னாசி தின்றதால்தான்' என்று பழி சொல்வது அறிவும் அன்று, அன்பும் அன்று.

பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ அன்னாசியின் பூ என்று நினைப்பவர்களும் உண்டு. அது சீனா, வியட்நாம் பகுதியில் வளரும் வேறொரு மரத்தின் நட்சத்திர வடிவக் காய். பெயரைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை.

உண்மையான நன்மை என்ன? பழத்தில் 100க்கு 86 பங்கு நீர். 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 35 முதல் 50 மி.கி. வைட்டமின் சி உள்ளது. மாங்கனீசும் நார்ச்சத்தும் உண்டு. அற்புத மருந்து அன்று, நல்ல பழம். அது போதாதா?

எறிவதற்கு எதுவும் இல்லை

பழச்சாறு, ஜாம், ஸ்குவாஷ், வற்றல், டப்பாவில் அடைத்த துண்டுகள் எனப் பல வடிவங்களில் அன்னாசி விற்பனையாகிறது. டப்பாத் தொழில் ஹவாயில் செழித்தது. 1911இல் ஹென்றி கினாகா அமைத்த இயந்திரம் தோலைச் சீவி, நடுச்சக்கையைக் குடைந்து, நிமிடத்துக்குப் பல பழங்களைத் தயார் செய்தது. ஆனால் தோல், கொண்டை, சக்கை என்று பழத்தின் எடையில் பாதிக்கு அருகில் கழிவாகிறது. இக்கழிவு மாட்டுத் தீவனமாகிறது. தோலையும் சர்க்கரையையும் புளிக்க வைத்துக் காடி தயாரிக்கலாம். இலையிலிருந்து பட்டுப் போன்ற நார் கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் அந்நாரைக் கையால் உரித்து 'பீன்யா' என்ற மெல்லிய துணி நெய்கிறார்கள். அங்குள்ள அக்லான் மாகாணத்தின் இந்நெசவை 2023இல் யுனெஸ்கோ மனித குலப் பண்பாட்டுச் சொத்தாகச் சேர்த்துக்கொண்டது.

செய்து பாருங்கள்

சோதனை 1: இரண்டு கிண்ணங்களில் ஜெலட்டின் தூளை வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். ஒன்றில் பச்சை அன்னாசிச் சாற்றையும், மற்றதில் நன்கு கொதிக்க வைத்து ஆறிய சாற்றையும் சம அளவு ஊற்றிக் குளிரில் வையுங்கள். எது உறைகிறது, எது உறையவில்லை? ஜெலட்டின் ஒரு புரதம் என்பதை நினைவிற்கொண்டு காரணம் கூறுங்கள். பிறகு ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசியைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சைச் சாற்றைச் சேர்த்துப் பாருங்கள். கடற்பாசி ஒரு மாவுப்பொருள், புரதம் அன்று. விடையை நீங்களே ஊகிக்கலாம்.

சோதனை 2: ரணகள்ளி இலை ஒன்றை விடியற்காலையிலும், அதே செடியின் மற்றோர் இலையை மாலையிலும் பறித்து நசுக்கி, பள்ளி ஆய்வகத்திலுள்ள பி.எச். தாளில் சாற்றைத் தொட்டு வையுங்கள். இரு நிறங்களையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெய்னைப் போல நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ரணகள்ளியில் நச்சுப் பொருள்கள் உள்ளன.

சோதனை 3: அன்னாசிக் கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, நிழலில் சில நாள் உலரவிட்டுத் தொட்டியில் நடுங்கள். தண்ணீர் தேங்கவிடாதீர்கள். பழம் வர இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் நட்டால் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் பழத்தை எதிர்பார்க்கலாம். சேமித்து வைத்த அமிலத்தின் அளவுக்கே பகலில் வேலை நடப்பதால் செடி மெல்லத்தான் வளரும். நீரைச் சேமிப்பதற்கு அது கொடுக்கும் விலை காலம்.

அடுத்த முறை சந்தையில் ஓர் அன்னாசியைப் பேரம் பேசி வாங்கும்போது, அதன் பின்னே நிற்பவற்றை எண்ணிப் பாருங்கள்: நூறு பூக்கள், ஒன்றரை ஆண்டு உழைப்பு, எழுபது வளைவுகள் இறங்கி வந்த ஒரு மலைவாசியின் சுமை. அப்பழம் அழுகுமுன் அதற்கு நியாய விலை கிடைக்கச் செய்வது எப்படி? மலையிலேயே சாறு பிழியும் கூடமா, குளிர்ப்பதன அறையா, பூக்கும் காலத்தைப் பிரித்து வைப்பதா? தாவரவியலும் வேதியியலும் பொருளாதாரமும் படிக்கும் நீங்கள்தான் இதற்கு விடை காண வேண்டியவர்கள்.